வலப்பக்கத்து வரிசை

மனித மூளை ஒருபோதும் பொய் சொல்லாது என்று டாக்டர் அனந்தநாதன் அறிவித்தார். நாக்கு சொல்லும், முகம் சொல்லும், நாடித்துடிப்புகூடச் சமயத்தில் புரட்டிப் பேசும்; இயற்கையின் உச்சப் படைப்பாகிய மூளை மட்டும் கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். இதைச் சொல்லிவிட்டு அவர், மெட்ராஸிலிருந்து டாக்சியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த இயந்திரத்தின் பிளக்கைச் சுவரில் செருகப் போனார். பிளக் பெரிது. திண்டிவனத்து நர்சிங் ஹோமின் மாடிச் சுவரில் இருந்த துளைகள் சிறியவை. கம்பவுண்டர் சவுரிராயன் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒயர் இரண்டையும் துளைக்குள் விட்டு, தீக்குச்சிகளைச் செருகி இறுக்கினார். பெட்டிக்கு உயிர் வந்தது. நின்றிருந்தவர்கள் ஆகா என்றார்கள். கரண்ட் போய்விட்டது.

இதையெல்லாம் கட்டிலில் கிடந்த தாண்டவராயன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் கேட்கிறார் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முகையூர் வட்டார நிலக்கடலை விவசாயிகள் முன்னேற்றச் சங்கத்துக்கு (போர்டில்தான் நிலக்கடலை, வாயில் மல்லாட்டைச் சங்கம்) அவர் நிரந்தரத் தலைவர். கூட்டேரிப்பட்டில் நின்றிருந்த கரும்பு லாரியின் பின்னால் அவருடைய அம்பாசிடர் போய்ப் புகுந்த நாளிலிருந்து, விரலை அசைக்க முடியாமல், இமையைத் திறக்க முடியாமல், மூக்கில் குழாயோடு கிடந்தார். டிரைவர் பச்சைமுத்து அந்த இடத்திலேயே போய்விட்டான். தலைவர் கோமாவில் இருக்கிறார் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது.

"இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, மிஸ்டர் அரங்கநாதன்," என்று டாக்டர் சங்கத்துச் செயலாளரிடம் விளக்கினார். "காதுல ஹெட்போன் வச்சு ஒரே மாதிரி சத்தம் விடுவேன். டிக், டிக், டிக். நடுவுல திடீர்னு வேற சத்தம், டங்குன்னு. உள்ள மூளை முழிச்சிருந்தா அந்த டங்குக்குத் துள்ளும். திரையில கோடு எழும்பும். எழும்பிச்சுன்னா மனுஷன் திரும்பி வருவார். இன்னிக்கே மெட்ராஸ் கொண்டுபோயிடலாம்."

"எழும்பலைன்னா?"

"குழாயை எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு மேல வச்சிருக்கறது அவருக்கே கஷ்டம்."

"வெளிச்சம் காமிச்சு, ஊசியில குத்தி, அதெல்லாம் பாக்கறதில்லீங்களா டாக்டரு?" இது தாண்டவராயனின் மனைவி கெங்கம்மாளின் குரல்.

"பாக்கலாம்மா. அந்தப் பெட்டிங்க மெட்ராஸ்ல இருக்கு. இது காதுப் பெட்டி."

செயலாளர் அரங்கநாதன் அறை முழுக்கக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார். "எப்பேர்ப்பட்ட மனுசன். சொந்த மண்ணுலதான் கண்ண மூடணும்னு அடிக்கடி சொல்லிக்கினு இருப்பாரு."

தாண்டவராயன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குப் பயம் விட்டிருந்தது. இவ்வளவுதானா? ஒரு சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதானே? கேட்பதில் ஜில்லாவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று வாழ்த்துப் பத்திரம் வாசித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை அரைவாசி மூடி, தாடையைக் கையில் தாங்கி, ஏழை எளியவர் சொல்வதையெல்லாம் உள்வாங்கி, நிதானமாகத் தலையாட்டி, "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். மந்திரியே அந்தத் தலையாட்டலைப் பார்த்து அசந்துபோனதாக ஊரில் பேச்சு.

கரண்ட் வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று டாக்டரும் செயலாளரும் கீழே இறங்கினார்கள். மின்விசிறி கடைசியாக ஒருமுறை முனகிச் சுற்றி நின்றது. மூடிய இமைக்கு வெளியே சித்திரை வெயில் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்க, டெட்டாலின் வாசனையும், பழைய பஞ்சின் வாசனையும், பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போய் அடியில் அழுகத் தொடங்கியிருந்த சாத்துக்குடியின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்குக் குழாயைச் சுற்றிச் சூடாகத் தேங்கின. இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கெங்கம்மாள் பேப்பரால் விசிறினாள். செஞ்சி ரோட்டில் ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் கூவினாள். குழாயடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பக்கெட்டில் விழுந்தது.

அப்போது வலப்பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பலமாக இல்லை. பெரிய மனிதரின் பார்வை தன் பக்கம் திரும்பட்டும் என்று வாசலில் நிற்கிறவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாகக் கனைப்பார்களே, அந்தக் கனைப்பு. தாண்டவராயனுக்கு முதலில் அது விசேஷமாகப் படவில்லை. வாழ்நாள் முழுக்க அவரைச் சுற்றி யாராவது கனைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

சத்தம் வந்தது வலது காதில்.

அந்தக் காது செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மயிலம் திருவிழாவில் இளவட்டத் திமிரில் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நெருப்பு, ஒரு அறை, அதோடு அந்தப் பக்கம் உலகம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. செவிட்டுத் தலைவர் என்று ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அது பட்டப்பெயராகி, சுவரில் எழுதப்பட்டு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். எனவே மேடையில் மற்றவர்கள் எல்லாரும் தம் இடப்பக்கம் வரும்படி ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார், தன்னடக்கம் என்றார்கள். வலப்பக்கமாக வந்து பேசுகிறவர்களிடம் என்ன ஏது என்று கேட்காமல் தலையாட்டுவார், ஆழம் என்றார்கள். இடது காது கேட்டது, வலது காது தலையாட்டியது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு சங்கத்தையே நடத்திவிட்டார்.

இப்போது அந்தச் செத்த காதில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி. பிறகு இன்னொரு ஜோடி. காகிதம் ஒன்று மடிப்புப் பிரிந்து சரசரத்தது.

"யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்க நினைத்தார். நினைப்போடு நின்றது. கெங்கம்மாளின் விசிறல் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தது. யாராவது வந்திருந்தால் எழுந்திருப்பாள்.

"ஐயா."

பெண் குரல். காதுக்கு வெகு அருகில், வெற்றிலை மென்ற மூச்சோடு.

"வெள்ளையம்மாங்க. தெருக் கெணத்து மதிலு சரியுதுங்க. கொழந்தைங்க ஓடியாடுற எடம். நாலு மூட்ட சிமெண்டுக்குச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போவும்."

வெள்ளையம்மாளை அவருக்குத் தெரியும். அவள் பேத்தி அந்தக் கிணற்றில் விழுந்தபோது அவர்தான் முதல் மாலை போட்டார். முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை நம்மிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இரங்கல் கூட்டத்தில் தழுதழுத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட வெள்ளையம்மாள் இருக்கவில்லை.

அவள் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். காத்திருப்பது அவருக்குக் கேட்டது. பிறகு, மரியாதை குறையாமல், முதலிலிருந்து தொடங்கினாள். "ஐயா. வெள்ளையம்மாங்க."

அவளுக்குப் பின்னால் இன்னொருவர் கனைத்தார். அவருக்கும் பின்னால் இன்னொருவர். விதை மல்லாட்டை முளைக்கவில்லை என்றது ஒரு குரல். மகனை ஜாமீனில் எடுக்க வேண்டும் என்றது மற்றொன்று. பாஞ்சாலி என்று ஒருத்தி, பூச்சி மருந்துக் குடோனைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்களே என்றாள். எல்லாம் அவர் கேட்டறியாத விஷயம். எல்லாம் அவரிடம் சொல்லப்பட்ட விஷயம். முப்பது வருஷமாக அந்தக் காதில் விழுந்த ஒன்றுகூடக் கீழே சிந்திப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து, முறை வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

கெங்கா, என்று உள்ளுக்குள் கத்தினார். அவள் பேப்பரை மடித்துப் போட்டு வேறு பேப்பர் எடுத்தாள்.

கரண்ட் வந்தது. விசிறி கிறீச்சென்று கிளம்பியது. படிக்கட்டில் காலடிகள். தாண்டவராயனுக்கு அழுகை வரும் போலிருந்தது. வந்தவர்கள் உயிருள்ளவர்கள், இடப்பக்கமாக வந்தவர்கள். சங்கத்து ஆட்கள் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் அவருடைய தலையில் இடம் இடமாகத் துடைத்து, குளிர்ந்த பசையைத் தடவி, ஒயர்களை ஒட்டினார்.

"இடது காதுக்கு மேல தையல் இருக்கு. ஹெட்போன் அழுத்தினா பிரிஞ்சிடும். வலது காதுல வச்சுக்கறேன்," என்றார். "எந்தக் கதவைத் தட்டினா என்ன, வீடு ஒண்ணுதானே?"

வாசலில் நின்றவர்கள் இந்த உவமையை மெச்சிக்கொண்டார்கள்.

வேண்டாம்.

"டாக்டரு," என்றாள் கெங்கம்மாள். "அந்தக் காது வேணாங்களே. தையலு போனா போவுது, இந்தப் பக்கமே வச்சிடுங்க."

"ஏம்மா?"

"அது வந்துங்க... அவங்களுக்கு அந்தக் காது..."

இவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாப்பாடு போடும்போதும், நடக்கும்போதும், சினிமாக் கொட்டகையிலும் இடப்பக்கமே இருந்தவள். தற்செயல் என்றல்லவா தாண்டவராயன் நினைத்திருந்தார்.

"அந்தக் காதுக்கு என்னா அண்ணி?" அரங்கநாதனின் குரல் தேன் தடவினாற்போல் வந்தது. "சொல்லுங்க, நம்ம ஆளுங்கதானே எல்லாம். தலைவருக்கு ஒடம்புல ஏதாச்சும் கொறை கிறை இருந்திச்சா? நமக்குத் தெரியாம?"

வாசலில் ஒருவன் லேசாகச் சிரித்தான்.

சொல்லு கெங்கா, என்று தாண்டவராயன் அலறினார். செவிடன் என்று சொல்லு. மைக் வைத்துச் சொல்லு. சுவரில் எழுதச் சொல்லு. பட்டப்பெயர் வைக்கட்டும், பாட்டுக் கட்டட்டும். ஒரே ஒரு தடவை சொல்லிவிடு.

கெங்கம்மாளின் வளையல்கள் ஒருமுறை குலுங்கி நின்றன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள் போலும்.

"கொறையா? இவங்களுக்கா?" என்றாள். குரல் நிமிர்ந்து நின்றது. "நகத்துல அழுக்குகூடக் கெடையாது. தையலு இல்லாத பக்கமே வைங்க டாக்டரு."

தலைவரின் மானம் காப்பாற்றப்பட்டது.

"வெளிச்சத்தம் குழப்பாம, இடது காதுல நல்லா பஞ்சு வச்சிடுங்க சவுரிராயன்."

மெழுகு வாசனையடித்த பஞ்சு உருண்டை ஒன்று இடது காதுக்குள் நுழைந்தது. கம்பவுண்டர் காரியத்தில் கெட்டிக்காரர்; விரலால் நன்றாக உள்ளே தள்ளினார். விசிறி போயிற்று. பஸ் போயிற்று. தண்ணீர்ச் சொட்டுப் போயிற்று. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய..." என்று தொடங்கிய டாக்டர் பாதியில் போனார். வலது காதின்மேல் ரப்பர் வளையம் வந்து குளிர்ச்சியாகக் கவிந்தது.

பிறகு எதுவும் இல்லை. இனி டிக் வரும். டிக், டிக், டங். எங்கேயாவது ஒரு துணுக்கு. எலும்பு வழியாகவாவது. தாண்டவராயன் தம் பிராணன் முழுவதையும் திரட்டி அந்த இருட்டுக்குள் காதை நீட்டினார். பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

ஒருவர் கனைத்தார்.

செருப்புகள் நகர்ந்தன. வரிசை ஒரு எட்டு முன்னால் வந்தது. இப்போது கூட்டம் பெரிது. மூச்சுவிடும் சத்தமே ஒரு கூடம் நிறைய இருந்தது. இத்தனை நேரம் இடது காதின் இரைச்சலுக்கு மரியாதை கொடுத்துக் குரலைத் தாழ்த்தியிருந்தவர்கள், இனி அவர் தங்களுக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொண்டவர்கள் போல, நெருங்கினார்கள். ஐயா. ஐயா. தலைவரே. ஒரு நிமிசங்க. போங்கள், என்றார். டிக் வரும் நேரம். ஒதுங்குங்கள்.

ஒதுங்கினார்கள். அவருக்காக அல்ல. பின்னாலிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான். வழி விட்டார்கள்.

பீடி வாசனை. டீசல். அதற்கு அடியில், ஈர இரும்பின் வாசனை.

"ஐயா."

பச்சைமுத்து எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவான். வண்டி ஓட்டுகிறவன் வேறெங்கே உட்காருவான். ஊரார் பார்க்கட்டும், கையாட்டலாம் என்று அவர் முன் சீட்டில் உட்காருவார். அன்றைக்கும் அப்படித்தான். திண்டிவனம் தாண்டியதிலிருந்து ஓரக்கண்ணில் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் நிதானமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பிரேக்கு சரியாப் புடிக்கலைங்க."

டங் எங்கே. டங் வரவில்லை.

"கூட்டேரிப்பட்டுல ஒர்க் ஷாப்பு இருக்குது. வுட்டுக் காமிச்சிடலாங்களா?"

காத்திருந்தான்.

"பெடலு உள்ள பூடுதுங்க. ஸ்லோ பண்ணிக்கினு போவட்டுங்களா? இல்ல ஜல்தியாப் போவணுங்களா?"

காத்திருந்தான். அன்றைக்கு அதற்கும் தலையாட்டினார். அவன் வேகமெடுத்தான்.

இப்போது அதே வார்த்தைகளை அவன் மறுபடி சொன்னான். ஆனால் குரல் மாறியிருந்தது. ஸ்டியரிங் பதிந்த நெஞ்சிலிருந்து வருகிற குரல். வார்த்தைக்கு நடுவே கொழகொழவென்று ஏதோ பொங்கியது. "பிரேக்கு... ஐயா... புடிக்கல..." காது மடலில் ஈரம். அது பசையாக இருக்கலாம். டாக்டர் தடவிய பசை. குளிர்ந்த பசை.

இது குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

நகர முடியாது. திரும்ப முடியாது. பொத்திக்கொள்ளக் கை இல்லை.

"போவட்டுங்களா?"

மூக்கிலிருந்து குழாய் உருவப்பட்டது.

அப்படித்தான் பரிசோதனை முடிந்துவிட்டது என்று தாண்டவராயனுக்குத் தெரிந்தது. டிக் எப்போது தொடங்கியது, டங் எத்தனை வந்தது, கோட்டைப் பார்த்து டாக்டர் என்ன உவமை சொன்னார், ஒன்றும் தெரியாது. மூளை பொய் சொல்லவில்லை. வராத சத்தத்துக்கு அது துள்ளவில்லை. கன்னத்தில் சூடாக இரண்டு சொட்டு விழுந்தது. கெங்கம்மாளாக இருக்க வேண்டும். அவள் வாய்விட்டு அழுதாளா, ஏதாவது சொன்னாளா, சொன்னால் இடப்பக்கமாகச் சொன்னாளா என்பதும் தெரியாது.

தூக்கினார்கள். சாய்ந்த படிகள். வெயில் முகத்தில் அறைந்தது. பிறகு பெட்ரோல் வாசனை, முதுகுக்கடியில் தகரம், வேன் கிளம்பிய அதிர்வு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ரோடு. அந்த ரோடு அவருக்கு அத்துப்படி. சத்தமே இல்லாத போதும் பள்ளம் பள்ளமாக அடையாளம் தெரிந்தது. வலப்பக்கத்தில் பச்சைமுத்து கூடவே வந்தான். எங்கே போய்விடுவான்.

எண்ணெயில் போண்டா வேகும் வாசனை உள்ளே வந்தது. கூட்டேரிப்பட்டு.

"ஐயா, பிரேக்கு புடிக்கலைங்க. போவட்டுங்களா?"

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. தாண்டவராயனின் தலை தலையணையில் மேலும் கீழுமாக ஆடியது. நிதானமாக, ஆழமாக. வழக்கம் போல.

இல்லை, இல்லை, நான் ஆட்டவில்லை.

"சரிங்க," என்றான் பச்சைமுத்து.

விழுப்புரம் எண்ணெய் ஆலைகளின் பிண்ணாக்கு வாசனை வந்து போயிற்று. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருவர் தம் மனுவைச் சொல்லி முடித்தார். ஒவ்வொருவருக்கும் அவர் தலை சம்மதம் கொடுத்தது. வெள்ளையம்மாளுக்கு. பாஞ்சாலிக்கு. பெயர் சொல்லாத யார் யாருக்கோ. வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். புதுப்புடவையின் கஞ்சி மொரமொரப்பு. தலை நிறைய மல்லி. குரலை எங்கேயோ கேட்டிருக்கிறார். பேசத் தயங்கினாள். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது.

"உங்களுக்கு இந்தக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள், தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில். "அதான் இந்தப் பக்கமா சொல்றேன். பயப்படாதீங்க. சாவுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வேன் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. தலை ஆடியது.

அதற்குப் பிறகு வரிசையில் யாரும் இல்லை. ஒரு மூச்சு நேரம். அமைதி. தாண்டவராயன் அந்த அமைதிக்குள் பத்திரமாக ஒடுங்கப் பார்த்தார்.

வெகு தொலைவில், வரிசையின் தொடக்கத்தில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

முகையூரில் வண்டி நின்றது. மூக்கில் ஒரே சமயத்தில் இரண்டு வாசனை ஏறியது: காய்ச்சிய மைதாப் பசை, சம்பங்கி மாலை. ஆயுள் முழுக்கப் போஸ்டர் ஒட்டி வளர்ந்த மனிதருக்கு அவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. கதவு திறந்தது. கால்பக்கமாகப் பிடித்து இறக்கினார்கள். இடது காதில் பஞ்சு அப்படியே இருந்தது. வலது காதில் வெள்ளையம்மாள் கிணற்று மதிலைப் பற்றித் தொடங்கியிருந்தாள். படியேறும்போது யாரோ இடறியதில் அவர் தலை நிதானமாக ஒருமுறை ஆடி, வாயிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது.

வாசலில் மாலைகளோடு காத்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மாலைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.